முகஞ்சூழ் கூந்தலின் ஒளி

முகத்தைச் சூழ்ந்த கூந்தலை ஒளிபெறச் செய்தல் இக்காலப் புதுமை என்பர் சிலர். அஃது அன்று. வெனிசு நகர மகளிர் கூரைமேல் மரத்தளத்தில் அமர்ந்து, உச்சியில்லா வைக்கோற்றொப்பியின் வழியே கூந்தலை வெளியே பரப்பி, மருந்துநீர் தோய்த்து வெயிலிற் பொன்னிறமாக்கினர். அவர்தம் முகத்துக்குத் தொப்பியின் விளிம்பு நிழல் தந்தது. இக்காட்சியைச் செசாரே வெச்செல்லியோ 1590 இல் வெளியிட்ட ஆடையணி நூலிற் காணலாம்.

வெயில் செய்த பணியை இன்று ஐதரசன் பேரொட்சைட்டுச் செய்கின்றது. இதனைப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் தெனார் 1818 இற் கண்டறிந்தார். 1970களிற் பாரிசிற் பரவிய ‘பலயாஜ்’ என்னுஞ் சொல்லுக்குப் பெருக்குதல் என்பது பொருள். துடைப்பம் நிலத்தை வருடுமாப்போலத் தூரிகை சில கற்றைகளை மேலோட்டமாக வருடும். நெற்றியோரத்தும் கன்னத்தருகும் உள்ள மெல்லிழைகள் மிகுதியாக வெளிறும். பிற பெரும்பாலும் கருமையாகவே நிற்கும். அக்கருமை உள்ளவிடத்தே ஒளி புலப்படும். கூந்தல் முழுதும் வெளிறின் முகத்துக்கு எடுப்பு ஏது?

மருந்து மயிரின் இயற்கை நிறப்பொருளைச் சிதைத்தே அதனை வெளிறச் செய்கின்றது. மயிரிழையோ உயிரற்றது, இழந்த நிறத்தைத் தானே மீளப் பெறாது. வேரினின்று புதுமயிர் வளருங்காறும் காத்திருத்தல் வேண்டும். ஆதலின், தொடாது விடவேண்டிய கற்றை எதுவென முதலில் தெளிந்து, பின்னரே தூரிகையை எடுத்தல் நன்று.