வலைத் தரவுப் பிரித்தெடுப்பில் சிஎஸ்எஸ் தேர்விகள்

சிஎஸ்எஸ் தேர்வி என்பது ஒரு வலைப்பக்கத்தில் உள்ள உறுப்புகளுள் வேண்டியவற்றை மட்டும் சுட்டுவதற்கான குறியீட்டுத் தொடர் ஆகும். ஆங்கிலத்தில் செலக்டர் என அழைக்கப்படும் இது, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியின் ஒரு பகுதியாக உருவானது. ஓர் உறுப்புக்கு இன்ன நிறம், இன்ன எழுத்துரு என்று விதிப்பதற்கு முன் அந்த உறுப்பைச் சுட்ட வேண்டும். அப்பணியைத் தேர்வி செய்கிறது. வலைப்பக்கங்களில் இருந்து நிரல் மூலம் தரவுகளைத் திரட்டும் ஸ்கிரேப்பிங் எனப்படும் வலைத் தரவுப் பிரித்தெடுப்பிலும் இது பரவலாகப் பயன்படுகிறது.

பொருத்தமற்ற தேர்வி பெரும்பாலும் பிழைச்செய்தி எதையும் தருவதில்லை. வெற்றுப் பட்டியலையோ, வேறு உறுப்புகளையோ தந்துவிடும்; நிரல் தொடர்ந்து இயங்கும். ஆகவே தேர்வி சரியானவற்றையே சுட்டுகிறதா என்று சரிபார்ப்பதும் இம்முறையின் இன்றியமையாத பகுதியாகும்.

வரலாறு

சிஎஸ்எஸ் மொழியை 1994 ஆம் ஆண்டு ஹோகன் வியும் லீ முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதன் முதல் நிலையைப் பரிந்துரையாக வெளியிட்டது. உறுப்பின் பெயர், வகுப்பு, அடையாளம், வழித்தோன்றல் ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் வசதி அதிலேயே இருந்தது. 1998 இல் வெளியான இரண்டாம் நிலையில் சேய் உறுப்பு, அடுத்த உடன்பிறப்பு, பண்பு ஆகியவற்றுக்கான தேர்விகள் சேர்ந்தன. பண்பு மதிப்பின் ஒரு பகுதியை மட்டும் ஒப்பிடுவதும், வரிசை எண்ணால் தேர்வதும் 2011 இல் பரிந்துரையான மூன்றாம் நிலையில் இடம்பெற்றன.

2006 இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி நூலகம் தேர்விகளை நிரலாக்கத்தில் பரவலாக்கியது. பைத்தான் மொழியில் பியூட்டிஃபுல் சூப், எல்எக்ஸ்எம்எல், ஸ்கிரேப்பி ஆகியனவும், ரூபி மொழியில் நோகோகிரியும், சாவா மொழியில் ஜேசூப்பும் தேர்விகளை ஏற்கின்றன. இவற்றுள் எல்எக்ஸ்எம்எல், ஸ்கிரேப்பி ஆகியவை தேர்வியை முதலில் எக்ஸ்பாத் தொடராக மாற்றி, அதன் பின்னரே உறுப்புகளைத் தேடுகின்றன.

அடிப்படை இலக்கணம்

எச்.டி.எம்.எல் பக்கத்தைப் பகுப்பான் ஒரு மரமாக மாற்றுகிறது. ஓர் உறுப்பினுள் நேரடியாக அமைந்த உறுப்பு அதன் சேய் எனவும், எந்த ஆழத்திலும் உள்ளே அமைந்த உறுப்பு அதன் வழித்தோன்றல் எனவும் அழைக்கப்படும்.

புக்ஸ் டு ஸ்கிரேப் என்பது தரவுப் பிரித்தெடுப்பைப் பழகுவதற்கென்றே அமைக்கப்பட்ட ஒரு நூற்கடைப் போலித் தளமாகும். அதில் பக்கத்துக்கு 20 வீதம் 50 பக்கங்களில் 1000 நூல்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. கீழே அத்தளத்தின் வகுப்புப் பெயர்களுக்கு ஈடாகத் தமிழ்ப் பெயர்கள் தரப்பட்டுள்ளன.

* .நூல் – நூல் என்னும் வகுப்பைக் கொண்ட எல்லா உறுப்புகளும். புள்ளி வகுப்பைக் குறிக்கும்.
* #பட்டியல் – பட்டியல் என்னும் அடையாளம் கொண்ட உறுப்பு. ஒரு பக்கத்தில் ஓர் அடையாளம் ஒருமுறை மட்டுமே வரவேண்டும்.
* .நூல் .விலை – நூலின் உள்ளே எந்த ஆழத்திலும் இருக்கும் விலை.
* .நூல் > .விலை – நூலின் நேரடிச் சேயாக இருக்கும் விலை மட்டும். இத்தளத்தில் விலை இன்னோர் உறுப்பினுள் பொதிந்திருப்பதால் இத்தேர்வி எதையும் தராது.
* [தலைப்பு] – தலைப்பு என்னும் பண்பு உடைய எல்லா உறுப்புகளும்.

இடைவெளி பொருளை மாற்றிவிடும். அத்தளத்தில் நூலின் மதிப்பீட்டைக் காட்டும் உறுப்பு விண்மீன், மூன்று என இரு வகுப்புகளை ஒருங்கே கொண்டிருக்கும். ".விண்மீன்.மூன்று" என்று இடைவெளியின்றி எழுதினால் இரு வகுப்புகளும் உடைய உறுப்பு கிடைக்கும். ".விண்மீன் .மூன்று" என்று எழுதினால் விண்மீனின் உள்ளே மூன்று தேடப்படும்; எதுவும் கிடைக்காது. வகுப்புப் பண்பின் முழு மதிப்பும் "விண்மீன்" என்பதற்குச் சமமா என்று ஒப்பிட்டாலும் எதுவும் கிடைக்காது. முழு மதிப்பு "விண்மீன் மூன்று" என்பதே இதன் காரணம்.

முதலில் தொகுதி, பின்னர் அதன் உட்கூறு

பக்கத்தின் எல்லாத் தலைப்புகளையும் ஒரு பட்டியலாகவும், எல்லா விலைகளையும் மற்றொரு பட்டியலாகவும் எடுத்து, இரண்டையும் வரிசைப்படி இணைப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் ஏழாவது நூலுக்கு விலை குறிக்கப்படாவிட்டால், எட்டாவது நூலின் விலை ஏழாவதற்குச் சேரும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு நூலும் அடுத்த நூலின் விலையைப் பெறும். பார்வைக்கு எல்லாம் உண்மையான விலைகளாகவே இருப்பதால் இத்தவறு எளிதில் புலப்படாது.

இதனைத் தவிர்க்க முதலில் ".நூல்" என்னும் தேர்வியால் 20 தொகுதிகளையும் எடுத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு தொகுதியின் உள்ளே மட்டும் தலைப்பையும் விலையையும் தேடுதல் வேண்டும். அப்போது விலை இல்லாத நூலுக்கு மட்டும் விலை வெற்றாக அமையும்; ஏனையவை பாதிக்கப்படமாட்டா.

எதை எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. அத்தளத்தின் பட்டியல் பக்கத்தில் நீண்ட தலைப்புகள் சுருக்கப்பட்டு, ஈற்றில் மூன்று புள்ளிகளுடன் காட்டப்படுகின்றன. இணைப்பின் உரையை எடுத்தால் குறைத் தலைப்பே கிடைக்கும். முழுத் தலைப்பு அவ்விணைப்பின் தலைப்புப் பண்பில் உள்ளது.

இடத்தால் சுட்டலும் பொருளால் சுட்டலும்

உலாவிகளின் உருவாக்குநர் கருவிகளில் ஓர் உறுப்பின் தேர்வியை நகலெடுக்கும் வசதி உண்டு. அவ்வாறு கிடைக்கும் தேர்வி பெரும்பாலும் மரத்தின் மேலிருந்து "மூன்றாவது சேயின் இரண்டாவது சேய்" என்னும் போக்கில் அமைந்திருக்கும். பக்கத்தின் மேற்பகுதியில் ஓர் அறிவிப்பு சேர்ந்தாலே இது வேறோர் உறுப்பைச் சுட்டக்கூடும். பொருள் உணர்த்தும் வகுப்பு, அடையாளம், பண்பு ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்ட சிறிய தேர்வி நீண்ட காலம் நிலைக்கும்.

மேலும், உலாவி காட்டும் மரம் மூல எச்.டி.எம்.எல் கோப்பில் இருந்து வேறுபடலாம். அட்டவணையின் வரிசைகளைச் சூழ்ந்து டிபாடி என்னும் உறுப்பு எழுதப்படாதிருந்தால் உலாவி அதனைத் தானே சேர்த்துக்கொள்ளும். எல்எக்ஸ்எம்எல் பகுப்பான் சேர்ப்பதில்லை. எனவே டிபாடியை உள்ளடக்கி நகலெடுத்த தேர்வி உலாவியில் வேலை செய்து, நிரலில் எதையும் தராமல் போகலாம். சாவாகிரிப்டு மூலம் பின்னர் சேர்க்கப்படும் உறுப்புகளும் மூலக் கோப்பில் இரா.

வரிசை எண் தேர்வியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுண்டு. ".விலை:என்த்-சைல்ட்(2)" என்பது இரண்டாவது விலையைக் குறிக்காது. தன் பெற்றோரின் இரண்டாவது சேயாகவும், அதே வேளையில் விலை வகுப்பு உடையதாகவும் இருக்கும் உறுப்பையே குறிக்கும்.

வரம்புகள்

நியம சிஎஸ்எஸ் தேர்விகளால் ஓர் உறுப்பை அதன் உரையைக் கொண்டு தேர்ந்தெடுக்க இயலாது. மேற்கூறிய தளத்தில் ஒவ்வொரு நூலின் தனிப்பக்கத்திலும் ஏழு வரிசைகள் கொண்ட அட்டவணை உண்டு. வரிசைகளுக்கு வகுப்புப் பெயர் இல்லை. கையிருப்பு ஆறாவது வரிசையில் உள்ளது. தேர்வியில் ஆறாவது வரிசை என்று எண்ணால் மட்டுமே சுட்ட இயலும். மேலே ஒரு வரிசை புதிதாகச் சேர்ந்தால் கையிருப்புக்குப் பதிலாக வரித்தொகை கிடைக்கும். 1999 இல் பரிந்துரையான எக்ஸ்பாத் மொழியில் "கையிருப்பு என்னும் தலைப்பு உடைய வரிசை" என்றே கேட்கலாம். இத்தகைய இடங்களில் எக்ஸ்பாத் பொருத்தமானது.

தமிழ்ப் பெயர்கள்

வகுப்புக்கும் அடையாளத்துக்கும் தமிழில் பெயரிடுவதைச் சிஎஸ்எஸ் அனுமதிக்கிறது. எனினும் பெயர்கள் ஒருங்குறிக் குறியெண்களாகவே ஒப்பிடப்படும். "தொகுப்பு" என்னும் சொல்லின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; எகரக் குறி, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினும், தேர்விக்கு இவை வெவ்வேறு பெயர்கள். பகுப்பதற்கு முன் பக்கத்தையும் தேர்வியையும் என்.எஃப்.சி வடிவத்துக்கு மாற்றுவது இச்சிக்கலைத் தீர்க்கும்.

சரிபார்த்தல்

ஒவ்வொரு பக்கத்திலும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையை முன்னரே அறிந்து, அது மாறினால் நிரலை நிறுத்துவது நல்ல வழக்கமாகும். பக்கத்துக்கு 20 தொகுதிகள் கிடைத்தனவா, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே ஒரு விலை உள்ளதா, அது எண்ணாக மாற்றத்தக்கதா என்பன எளிய சோதனைகள். தளத்தின் ரோபோட்சு கோப்பு விதிக்கும் கட்டுப்பாடுகளை மதித்தலும், கோரிக்கைகளுக்கு இடையே போதிய இடைவெளி விடுதலும் வேண்டும். 1994 இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த இக்கோப்பு முறை, 2022 இல் ஆர்எஃப்சி 9309 என்னும் ஆவணமாக முறைப்படுத்தப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* எக்ஸ்பாத்
* எச்.டி.எம்.எல்
* ஒருங்குறி
* ஜேக்வெரி