விலாப்புறத்து வேதனை

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், பெரும்பாலும் வலது விலாவுக்குக் கீழே, திடீரென்று தோன்றி, மல்லாந்து படுத்தாலும் ஒருக்களித்தாலும் எழுந்து நடந்தாலும் தணியாமல், வாந்தியையும் கூடவே அழைத்து வருகின்ற கடும் வலியொன்று உண்டு. கைதேர்ந்த வைத்தியரும் முதலில் சிறுநீரகக் கல்லையே நினைப்பார். பிறகு பித்தப்பையை, குடல்வாலை, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டதோ என்பதை. அதுவே முறை. ஆனால் சிறுநீரில் கிருமி இல்லை, ஸ்கேனில் கல் இல்லை, சிசுவின் இதயத் துடிப்பில் குறை இல்லை, அப்படியிருந்தும் மார்ஃபின் ஊசிக்கும் வேதனை அடங்கவில்லை என்றால், சிறுநீரகத்தின் உச்சியில் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் அட்ரீனல் சுரப்பியை நினைத்தே ஆகவேண்டும்.

நாலைந்து கிராம் எடையுள்ள இச்சுரப்பி அழிந்தால் மனிதன் தேய்ந்து மடிவான் என்பதை, 1855-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் தாமஸ் அடிஸன் உலகுக்கு எடுத்துக் காட்டினார். அதன் ரத்த ஓட்டத்தின் அமைப்பிலேயே அபாயத்தின் வித்து இருக்கிறது. மூன்று வழிகளில் வரும் தமனிகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நுண்கிளைகளாகப் பிரிந்து ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க, வெளியேறுவதற்கோ ஒரே ஒரு சிரைதான். பல வாய்க்கால்கள் வந்து விழும் ஏரிக்கு ஒற்றை மதகு வைத்தாற்போல. கர்ப்ப காலத்தில் சுரப்பியின் வேலை பெருகி அது பருக்கிறது. பிரசவத்தின் ரத்தப்போக்கிலிருந்து தாயைக் காக்கவேண்டி, ஃபைப்ரினோஜன் முதலிய உறைபொருள்கள் மிகுந்து, உறைதலைத் தடுக்கும் புரதம் எஸ் குறைகிறது. தாயைக் காக்க வந்த அந்த ஏற்பாடே, அபூர்வமாகச் சிலரிடத்தில், ஒற்றை மதகை அடைத்துவிடுகிறது. அப்போது சுரப்பி ரத்தமின்றி மடியலாம். அல்லது உள்ளே ரத்தம் கசிந்து வீங்கலாம்.

1983-ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்த ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் இவ்வபாயம் அதிகம். சரீரத்தின் எதிர்ப்புப் பொருள்களே ரத்தத்தை உறையத் தூண்டும் இந்நோய் உள்ள பெண்களுக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைவு நேர்வதுண்டு. சிலருக்கு அட்ரீனலின் அழிவே நோயின் முதல் அடையாளமாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே, முந்தைய கர்ப்பங்களின் கதையைப் பொறுமையாகக் கேட்டறிவது எந்தக் கருவியின் பரிசோதனைக்கும் குறைந்ததன்று.

ஒரு பக்கத்துச் சுரப்பி மட்டும் பழுதானால் மற்றது ஈடுசெய்யும். இரண்டும் பழுதாகும்போதுதான் உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தம் இறங்குகிறது; சோடியமும் சர்க்கரையும் குறைகின்றன; சோர்வும் தலைச்சுற்றலும் குமட்டலும் மிகுகின்றன. இவற்றைக் கண்டு, "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்தானே" என்று வீட்டார் சொல்வதை மன்னிக்கலாம்; ஆஸ்பத்திரியிலும் அதே வார்த்தை ஒலிப்பதை என் மனம் ஏற்கவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டும் ஏமாற்றக்கூடும்: கர்ப்பத்தின் இறுதியில் கார்ட்டிசால் இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு உயர்ந்திருக்க வேண்டியதாகையால், மற்றவர்க்குச் சரியான அளவென்று சீட்டில் அச்சிட்டிருப்பது கர்ப்பிணிக்குப் போதாத அளவாக இருக்கலாம்.

சாதாரண ஸ்கேனுக்கு இந்தப் பழுது பெரும்பாலும் புலப்படாது. எக்ஸ்-கதிர் கலவாத எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். உறைவுக்கு ஹெப்பாரின் ஊசி உண்டு; அது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைத் தொடுவதில்லை. ஆனால் சுரப்பிக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அதையே போட அஞ்சவேண்டியிருக்கிறது. இவ்விடத்தில் வைத்தியரின் நிதானத்துக்குப் பெரும் சோதனை. இரண்டு சுரப்பிகளும் செயலிழந்ததாகச் சந்தேகம் எழுந்தாலோ, சோதனை முடிவுக்காகக் காத்திராமல், 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனையும் உப்புநீரையும் சிரைவழியே ஏற்றிவிட வேண்டும். தாமதமே இங்கு கொல்வது. சுரப்பிகள் மீளாவிட்டால் பிறகு ஆயுள் முழுதும் தினந்தோறும் மாத்திரை. பிரசவ வலி எடுக்கும்போது அந்த மருந்தின் அளவைக் கூட்டியாக வேண்டுமென்பது, பிரசவ அறைக்குள் நுழையுமுன்பே கர்ப்பிணியின் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.