பேனா மாதிரி இருக்கும்... புகையும் வரும்!

‘‘பையன் பைக்குள்ள பேனா மாதிரி ஒண்ணு கெடந்துச்சு வைத்தியரய்யா. கேட்டா, ‘சிகரெட் இல்லம்மா, வெறும் நீராவிதான்’ங்கான். நெசமா?’’

ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துத் தாய்மார்கள் இப்போது கேட்கிற கேள்வி இது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்ட் பாட்டிலோடு இதையும் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இதன் பெயர் இ-சிகரெட். வருவது நீராவி அல்ல. உள்ளே இருக்கும் பேட்டரி ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோடின் எல்லாம் கலந்த திரவம் நுண்துளிகளாகி நுரையீரலுக்குள் போகிறது. நிகோடின், புகையிலையில் இருக்கிற அதே நஞ்சுதான். வளரும் பிள்ளைகளை அது சீக்கிரமே அடிமையாக்கிவிடும்.

‘மூலிகை வாசனைதானே?’

எந்த மருந்தை எந்த வழியில் கொடுப்பது என்பது வைத்தியத்தின் பாலபாடம். சாப்பிட்டால் நல்லது என்பதற்காக, புகையாக உள்ளே இழுத்தாலும் நல்லது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் 2019-20ல் இதனால் நுரையீரல் கெட்டு 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணம், திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ‘ஈ’ அசிடேட். சத்து மாத்திரையில் இருப்பதுதான், நுரையீரலில் எமனாகிவிட்டது!

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு 2018லேயே தடை போட்டது. 2019ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நிகோடின் இல்லாவிட்டாலும் தடைதான். விற்றாலோ, இறக்குமதி செய்தாலோ முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். பதுக்கி வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஃப்ரெண்டுக்காக வச்சிருக்கேன்’ என்ற சமாதானமெல்லாம் எடுபடாது.

பேட்டரியும் ஜாக்கிரதை!

உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. நசுங்கினாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ தானாகவே தீப்பிடிக்கும். செல்போன், மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இதே ரகம்தான். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார பைக் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தகப்பனும் மகளும் இறந்து போனார்கள்.

ஆகவே:

* படுக்கையிலோ, தூங்கும்போதோ சார்ஜ் போடாதீர்கள். அந்தந்தக் கருவிக்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள்.
* ஸ்கூட்டரை வாசற்படியை மறித்து நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள்.
* உப்பிய பேட்டரியை அடுப்பிலோ, குப்பையிலோ போடாதீர்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.
* தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே வந்து 101க்கு போன் செய்யுங்கள்.

பிள்ளையிடம் அந்தக் கருவியைப் பார்த்தால் அடிக்காதீர்கள். அடித்தால் ஒளித்து வைப்பானே தவிர விடமாட்டான். பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் இலவச எண் 1800-11-2356. ஏலக்காயையோ, நெல்லி வற்றலையோ வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லலாம். அது மருந்து அல்ல. ஆசை கிளம்பும் அந்த நாலு நிமிஷத்தைக் கடத்த ஒரு துணை.