பாறையைக் கடிக்கும் கிளிமீன்

கிளிமீன் பவளப்பாறையை அழிக்கிறது என்பவர்கள் அதன் கடித்தடங்களைச் சான்றாகக் காட்டுவார்கள். தடங்கள் உண்மைதான், பற்கள் ஒன்றோடொன்று இணைந்து அலகாகிவிட்ட வாயால் பாறையைச் சுரண்டுகிறது. ஆனால் பெரும்பாலான இனங்கள் தேடுவது செத்த பவளத்தில் படரும் பாசியையும் நுண்ணுயிர்களையும்தான். பாசி மண்டிவிட்டால், நீரில் மிதந்து வரும் இளம் பவள உயிரிகள் ஒட்டி வளர இடமிருக்காது. சுரண்டிய சுண்ணாம்பைத் தொண்டைப் பற்கள் அரைக்கின்றன. அது குடல் வழியே வெண்மணலாக வெளியேறுகிறது. மாலத்தீவின் வக்கரு தீவைச் சூழ்ந்த பாறைத்திட்டில் ஆண்டுதோறும் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்கள் தருவதே என்று 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தீவு நிற்பதே இந்த மணலில்தான். புடைத்த நெற்றியுள்ள பெரிய இனம் உயிருள்ள பவளத்தையும் ஏராளமாகத் தின்னும், உண்மை. அதை வைத்து எல்லா இனங்களையும் குற்றம் சொல்வது நியாயமல்ல. பாசி பவளத்தை மூடாமலிருக்க, பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது.