உடற்கல்விப் படிப்பு: எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கு?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மார்க் அதிகம் என்றால் மருத்துவம், பொறியியல். கொஞ்சம் குறைவு என்றால் பி.காம். அல்லது பி.சி.ஏ. பிள்ளை விளையாட்டில் கெட்டிக்காரன் என்றால் அது ஒரு தனித் தகுதியாக அந்தப் பேச்சில் வருவதே இல்லை. பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

கெங்கவல்லியை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், ஆத்தூரிலிருந்து தம்மம்பட்டி போகும் சாலையில் இருக்கும் பேரூராட்சி. சுற்றிலும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. அங்கே அரசுப் பள்ளியில் படித்து, மாவட்ட அளவில் வாலிபால் ஆடிய நம் வீட்டுப் பெண் ஒருத்தி, "அத்தா, நான் உடற்கல்வி படிக்கிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தகப்பனார் யாரிடம் போய்க் கேட்பார்? பக்கத்தில் ஒருவர் "ஒரு வருஷ டிப்ளமோ போதும், ஸ்கூலில் பி.டி. டீச்சர் ஆகிவிடலாம்" என்பார். இன்னொருவர் "அதெல்லாம் ஜிம் வேலை" என்பார். மூன்றாமவர் பிசியோதெரபியையும் இதோடு சேர்த்துக் குழப்பிவிடுவார். இந்தக் குழப்பத்தில் பணமும் ஒரு வருடமும் போன குடும்பங்கள் உண்டு. ஆகவே எந்தத் தாள் எந்தக் கதவைத் திறக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் சமுதாயக் கல்லூரி என்றால் என்ன? இது அமெரிக்காவில் பிறந்த யோசனை. 1901இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள். வீட்டுக்கு அருகிலேயே, குறைந்த செலவில், இரண்டு ஆண்டு படிப்பு. அங்கே உடற்கல்வி, உடல்நலம் போன்ற பாடங்களை இரண்டு ஆண்டு படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் முடிப்பது சர்வ சாதாரணம். நம் பக்கத்துக்கு அந்த முறை 1995இல் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரியாக வந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒன்றைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல ஊர்களில் சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்தது. 2013 வாக்கில் யு.ஜி.சி.யும் ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே இவற்றை நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளியோடு நின்றவர்கள், திருமணமாகிப் படிப்பை விட்டவர்கள் மறுபடியும் உள்ளே வர வழி வைத்ததுதான் இந்த முறையின் சிறப்பு. (ஒரு மறைமாவட்டம் செய்ததை நம் ஜமாஅத்துகள் செய்ய முடியாதா என்ற கேள்வி இங்கே எழாமல் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபங்கள் நம்மிடம் எத்தனை?)

யு.ஜி.சி. முறையில் பாடத்தின் பெரும்பகுதி, அதாவது 60 விழுக்காடு, கைத்தொழில் பயிற்சி. மீதிதான் மொழி, கணினி போன்ற பொதுப் பாடங்கள். உடற்தகுதி, உடல்நலம் என்ற பெயரில் நடக்கும் படிப்புகளில் உடலமைப்பு, தசைகளின் இயக்கம், உணவு, முதலுதவி, வெவ்வேறு வயதினருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பவை இருக்க வேண்டும். இத்துறைக்கென்று மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பின் கீழ் தனி மன்றம் ஒன்று உண்டு. அது வரையறுத்த உடற்பயிற்சியாளர் தரத்துக்குப் பாடம் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒத்துப்போனால் அந்தச் சான்றிதழ் எந்த மாநிலத்திலும் பேசும்.

இப்படி ஒரு டிப்ளமோ வாங்கினால் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் ஆகலாம், தனியாகப் பெண்களுக்குப் பயிற்சி நடத்தலாம், தனியார் நிறுவனங்களின் உடல்நலத் திட்டங்களில் வேலை பார்க்கலாம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக முடியாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வேலைக்கான படிப்புகளை அங்கீகரிப்பது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், அதாவது என்.சி.டி.இ. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு டி.பி.எட். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு பி.பி.எட்., அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.பி.எட். என்பதே அதன் வரிசை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி வேலைகளுக்கு நம்பிப் போகக்கூடியது பி.பி.எட். என்.சி.டி.இ. அங்கீகாரம் இல்லாத இடத்தில் பி.பி.எட். என்று எழுதிக் கொடுத்தாலும் அது ஆசிரியர் வேலைக்கு உதவாது.

கெங்கவல்லிப் பெண்ணின் கணக்குக்கு வருவோம். ஆத்தூருக்குப் பக்கத்தில் வடசென்னிமலையில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் படிக்கலாம். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வரும். ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் அதே தொகையைத் தருகிறது. இந்த மூன்று ஆண்டில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு, பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள். பி.பி.எட். சேர்க்கைக்குப் பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு விதிப்படி சலுகை உண்டு. அதோடு கல்லூரிகளுக்கு இடையிலோ மாவட்ட, பள்ளி அளவிலோ அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் கலந்துகொண்டதற்கான சான்றும் வேண்டும். ஆகவே கல்லூரி அணியில் பெயர் கொடுத்து ஆட வேண்டும். பள்ளியில் வாங்கிய சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். பரண் மேல் கரையான் அரித்த சான்றிதழுக்கு மாற்றுப் பிரதி வாங்க அலைவது சின்ன அலைச்சல் இல்லை. சேர்க்கையின்போது ஓட்டம், தாண்டுதல் போன்ற உடற்தகுதித் தேர்வும் இருக்கும் என்பதால் மைதானப் பழக்கத்தை இடையில் விடக்கூடாது.

எங்கே படிப்பது? சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. ஆசியாவிலேயே இத்துறையின் முதல் கல்லூரி என்று பெயர் பெற்றது. சென்னையை ஒட்டிய மேலக்கோட்டையூரில் 2005 முதல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. மாநிலத்தின் பல மாவட்டங்களில் அதனுடன் இணைந்த கல்லூரிகள் உள்ளன. பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்குபவர்கள் முதலில் சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளை என்.சி.டி.இ. இணையதளப் பட்டியலில் தேடிப் பார்ப்பது நல்லது.

படித்து முடித்தால் அரசு வேலை நிச்சயமா? நிச்சயம் என்று சொன்னால் அது பொய். 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தார்கள். மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளம். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அது 12,500 வரை வந்தது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. தனியார் பள்ளிகள், குறிப்பாகப் பெண்கள் பள்ளிகள், தகுதியுள்ள ஆசிரியைகளைத் தேடுகின்றன. எம்.பி.எட். முடித்து நெட் அல்லது செட் தேர்ச்சி பெற்றால் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கும் போகலாம். நிதானமாக ஏற வேண்டிய படி இது, அவ்வளவுதான்.

இந்தப் பதவியை "சும்மா விசில் ஊதுகிற வேலை" என்று நினைப்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாய். அந்தப் பையனிடம் உயரம் தாண்டும் திறமை இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பதக்கங்களுக்கும் முன்னால் ஒரு பள்ளி மைதானம் இருந்தது.

பதக்கத்தை விடுங்கள். நம் வீடுகளுக்கு இந்தப் படிப்பு ஏன் அவசரம் என்பதற்கு வேறு எண்கள் இருக்கின்றன. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எடை கூடிய பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு. 2019-21இல் அது 40.4 ஆனது. ஆண்களில் 37. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் பெண்களில் 57 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 42. நம் வீடுகளில் நாற்பது வயதைத் தாண்டிய தாய்மார்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்கு மூட்டுவலி என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். "நடங்கள்" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். எங்கே நடப்பது, எவ்வளவு, முட்டி வலிக்கும்போது என்ன செய்வது என்று சொல்லித்தர ஒரு பெண் இல்லை. ஆண் பயிற்சியாளர் இருக்கும் கூடத்துக்கு அவர்கள் போகப் போவதில்லை. கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் போன்ற ஊர்களில் ஒரு டிப்ளமோ முடித்த பெண், வீட்டு மாடியிலோ மதரஸா கூடத்திலோ லுஹருக்கும் அஸருக்கும் இடையே ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் பயிற்சி வைத்தால் வராமலா போவார்கள்? சமுதாயக் கல்லூரிச் சான்றிதழுக்கு உண்மையான மதிப்பு அங்கேதான் என்பது எங்கள் கருத்து.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பயிற்சி கொடுப்பவர் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட மாட்டார். அது நாலு ஆண்டுக்கும் மேற்பட்ட தனி மருத்துவத் துறைப் பட்டம். முதுகுத்தண்டு பிரச்சினை, பக்கவாதம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சி என்றால் அவர்களிடம்தான் அனுப்ப வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது.

உடை பற்றிய கேள்வி எல்லாப் பெற்றோருக்கும் இருக்கும். உலக அளவில் இந்த வாதம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. கால்பந்தில் ஃபிஃபா 2014இலும் கூடைப்பந்தில் ஃபிபா 2017இலும் தலைமறைப்புக்கு இருந்த தடையை நீக்கின. 2016 ரியோவில் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாபுடன் வாள்வீச்சில் வெண்கலம் வென்றார். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருப்பதையும் நாம் அறிவோம். நடைமுறையில் முழுக்கை டீ ஷர்ட், டிராக் பேண்ட், தலைக்கு இறுக்கமான துணி போதும். ஆனாலும் கல்லூரிக்குக் கல்லூரி சீருடை விதி வேறுபடும். நீச்சல் பாடம் உண்டா, பெண்களுக்குத் தனி நேரமா, விடுதி எப்படி என்பதை எல்லாம் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். பி.பி.எட். பாடத்திட்டத்தில் யோகாவும் இருக்கிறது. அதை உடற்பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள் என்றாலும் மனதில் ஐயம் உள்ளவர்கள் உள்ளூர் ஆலிம்களிடம் முன்கூட்டியே பேசித் தெளிவு பெறலாம்.

கட்டணம் கட்டப் போகும் நாளில் தகப்பனார் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சான்றிதழில் கையெழுத்திடப் போவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம்? அங்கீகாரக் கடிதம் இந்த ஆண்டுக்குச் செல்லுமா? பயிற்சிக்கு எந்தக் கூடத்துக்கு அல்லது பள்ளிக்கு அனுப்புவார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தயங்கி, "முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள், சீட் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், பெண்ணை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடலாம்.