ரத்தத்தில் வெல்லும், நுரையீரலில் தோற்கும்

ரத்தத்தில் போதுமான மருந்து இருக்கிறது, கிருமியும் அந்த மருந்துக்குச் சாகக்கூடியதுதான். இருந்தும் நிமோனியா குணமாகாமல் போகலாம். இதற்கு டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

துருக்கியின் அராரத் மலையில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாதான் இதன் தாய். 1980களில் இதை ஆராய்ந்த எலை லில்லி நிறுவனம், தசைகளைப் பாதிக்கிறது என்று கைவிட்டது. 1997இல் க்யூபிஸ்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. நாளுக்கு ஒரே வேளை கொடுத்தபோது தசைப் பாதிப்பு குறைந்தது. வேறு மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியையும் கொல்லும் இந்த மருந்துக்கு, 2003இல் அமெரிக்காவில் தோல் தொற்றுகளுக்கான அனுமதி கிடைத்தது.

நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் நிமோகாக்கஸையும் ஆய்வகத் தட்டில் இது கொன்றது. அதனால் நிமோனியா நோயாளிகளிடமும் சோதித்தார்கள். பழைய மருந்தான செஃப்ட்ரியாக்சோன் பெற்றவர்களில் சுமார் 88 சதவீதம் பேர் குணமானார்கள். டாப்டோமைசின் பெற்றவர்களில் சுமார் 79 சதவீதம்தான். உயிருக்கே ஆபத்தான நோயில் இது சின்ன வித்தியாசம் அல்ல.

மருந்து போய்ச் சேரவில்லையா என்பதுதான் முதலில் எழும் கேள்வி. நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் காற்றுக்கும் பக்கத்து ரத்தத்துக்கும் இடையே உள்ள சுவரின் தடிமன் பல இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆக்சிஜன் நொடியில் கடந்துவிடும். மருந்துக்கு அது எளிதல்ல. நுண்ணறையின் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. ஜென்டாமைசின் போன்ற, நீரில் கரைந்து கொழுப்பில் கரையாத மருந்துகள் சிரமப்பட்டே கடக்கும். லெவோஃப்ளாக்சசினும் லினசோலிடும் நன்றாகக் கடக்கும். அசித்ரோமைசின் அங்குள்ள வெள்ளணுக்களுக்குள் ரத்தத்தைவிடப் பல மடங்கு சேர்ந்துவிடும்.

மருந்து எவ்வளவு கடந்தது என்பதை அளக்கும் முறை அழகானது. மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீர் விட்டு, திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் வெளியே வருவது நீர்த்துப்போன திரவம். எவ்வளவு நீர்த்தது என்று எப்படித் தெரியும்? யூரியா இந்தச் சுவரைத் தாராளமாகக் கடப்பதால், ரத்தத்திலும் நுரையீரல் திரவத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். கழுவி எடுத்த நீரில் யூரியா எத்தனை மடங்கு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், மருந்தின் உண்மையான அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

டாப்டோமைசின் விஷயத்தில் போய்ச் சேராதது மட்டும் காரணமல்ல. சேர்ந்த மருந்தும் அங்கே செயலிழந்தது. நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிக்கொண்டு மூடிவிடாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம். சோப்பைப் போல நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பது அதன் வேலை. டாப்டோமைசினோ, கால்சியத்தின் துணையோடு பாக்டீரியாவின் சவ்வில் உள்ள பாஸ்படிடில்கிளிசரால் என்ற கொழுப்பைத் தேடிப் பிடித்துச் செருகிக்கொண்டு கொல்கிறது. நம் செல்களின் வெளிச்சவ்வில் அந்தக் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் நாம் தப்பிக்கிறோம். ஆனால் சர்ஃபாக்டன்டில் அதே கொழுப்பு கணிசமாக உண்டு. மருந்து கிருமியை விட்டுவிட்டுப் படலத்தில் சிக்கிக்கொள்கிறது. க்யூபிஸ்ட் ஆய்வாளர்களே 2005இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். தங்கள் மருந்தின் தோல்வியை இவ்வளவு வெளிப்படையாக விளக்கியது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். அதற்குப் பின் புதிய ஆன்டிபயாடிக்குகளைத் தொடக்கத்திலேயே சர்ஃபாக்டன்டில் கலந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. இதயத்தின் வலப்பக்க வால்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்று வந்தால், கிருமி நிறைந்த துணுக்குகள் ரத்தத்தோடு போய் நுரையீரல் நாளங்களில் அடைத்துக்கொள்ளும். அங்கே கிருமி இருப்பது சர்ஃபாக்டன்ட் இல்லாத ரத்தப் பக்கத்தில். அதனால் அந்த நோய்க்கு டாப்டோமைசின் உதவுகிறது. 2006இல் அனுமதியும் கிடைத்தது. மூச்சின் வழியே வந்து நுண்ணறைக்குள் குடியேறிய கிருமி விஷயத்தில் மட்டும், மருந்தோடு வரும் குறிப்பு இன்றும் தெளிவாகச் சொல்கிறது: நிமோனியாவுக்குக் கொடுக்கக் கூடாது.