பதின்மூன்று எழுத்தில் நம் நாணயம்

வங்கியில் முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர் கணக்கில் ஓர் எண்கூட மாறாமல் பார்த்துக்கொண்டவன் நான். சொந்த முருங்கைக் கீரைப் பொடியை விற்கும்போது கோட்டை விட்டுட்டேன்.

சின்னமனூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். இணையச் சந்தை ஒன்றில் விற்பனையாளர் கணக்கு வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்து பேரின் உலர் வாழைப்பழமும் மிளகும் அதே கணக்கில்தான் போகுது. ஆர்டர் வந்தால் நாமே தபாலில் அனுப்பி, கண்காணிப்பு எண்ணை அந்த ஆர்டரில் பதிய வேண்டும்.

போன தை மாதம் சென்னைக்கு 1,140 ரூபாய்க்கு ஒரு பார்சல். ராத்திரி ரசீதைப் பார்த்துத் தட்டும்போது 1 என்பதை 7 என்று போட்டிருக்கிறேன். எட்டாம் நாள் அந்த அம்மா, "சார், பார்சல் வரலையே" என்று புகார் கொடுத்துட்டாங்க. நான் பதிந்த எண்ணில் எந்தத் தகவலும் இல்லை. பணம் அவங்களுக்குத் திரும்பியது. என் கணக்கு ஒரு வாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. "அண்ணே, நம்ம மிளகு ஏன் போகலை?" என்று கேட்டவங்களுக்கு என்ன பதில் சொல்ல? பார்சல் குடியிருப்பின் காவலாளி அறையில் பத்திரமாக இருந்திருக்கு. அந்த அம்மாவே பிறகு பார்த்து, பணத்தை அனுப்பிட்டாங்க. தபால்காரர் மேல் குற்றமில்லை. தவறு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகுதான் அந்த எண்ணை ஒழுங்காகப் படித்தேன். ஸ்பீடு போஸ்ட் எண்ணில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ, என்'. ஆக மொத்தம் 13. உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை இது. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்க. 11 ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழிங்க. உதாரணமாக 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஒன்பதாவது இலக்கம் 5. விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று கொள்ள வேண்டும். அன்றைக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் என் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

ஆனால் தினமும் யார் பெருக்கிக்கொண்டிருப்பது? இப்போது நான் செய்வது இதுதான்:

1. தபால் அலுவலகத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறேன். வெப்ப அச்சு ரசீது சில மாதத்தில் மங்கிப்போகும்.
2. எண்ணைத் தட்டுவதில்லை. பட்டைக்கோடை ஸ்கேன் செய்து, நகலெடுத்து ஒட்டுகிறேன்.
3. அன்று மாலையே தபால் துறை இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, நம் ஊர் பெயரும் தேதியும் வருதா என்று பார்க்கிறேன்.
4. ஓர் ஆர்டர் இரண்டு பெட்டியாகப் போனால் இரண்டு எண்ணையும் வாங்குபவருக்குச் சொல்கிறேன்.
5. பார்சலைக் கொடுக்கும் முன் எண்ணைப் பதிவதில்லை. மழையில் பஸ் தவறினால் நாம் சொன்னது பொய்யாகிவிடும்.
6. நோட்டில் தேதி, ஆர்டர் எண், யாருடைய சரக்கு, எடை, தபால் செலவு, கண்காணிப்பு எண் என்று ஆறு பத்தி. மாதக் கடைசியில் ஐந்து பேருக்கும் கணக்குப் பிரிக்க இதுவே போதும்.

ஒன்று மட்டும் சொல்லிடுறேன். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையைப் பச்சையாகப் பெட்டியில் போட்டு அனுப்பிடாதீங்க. எண் சரியாகப் போய்ச் சேரும், பழம் சேராது. தூரத்துக்கு உலர்ந்த சரக்குதான் சரி.

இடைத்தரகர் இல்லாமல் விற்கணும் என்று நாம் பேசுகிறோம். அப்படியானால் அவர் பார்த்துவந்த கணக்கு வேலையும் நம் தலையில்தான். நஞ்சில்லாமல் விளைவிக்க ஒரு வருஷம் பாடுபடுகிறோம். அதை எழுதி வைக்க ஐந்து நிமிஷம் ஒதுக்கலாமே!